நொண்டினால் தடவிக் கொடுங்கள்

மனுஷனைத் தொடுவதை அவள் விட்டதற்கு ஒரே காரணம், மனுஷன் பொய் சொல்வான் என்பதுதான். இடுப்பு வலி என்று வந்து படுப்பான், தொட்டுப் பார்த்தால் கோளாறு தோளில் இருக்கும். "போன தடவை சொன்ன பயிற்சியெல்லாம் செஞ்சீங்களா?" என்று கேட்டால், தவறாமல் செய்தேன் என்று தலையை ஆட்டுவான், தொடையோ பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு சிகிச்சை மையத்தில் பல வருஷம் இப்படி ஊர்ப்பட்ட பொய்களைப் பிசைந்து பிசைந்து அலுத்துப்போய், ஒருநாள் நாய்கள் பக்கம் வந்துவிட்டாள். நாய்க்கு வலித்தால் வலிக்கிறது என்று காட்டும். வலிக்காவிட்டால் தேமேயென்று கிடக்கும். "நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று போகிற வீட்டிலெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். அந்தப் பெருமைக்குத்தான் தடியன் என்கிற நாய் ஆப்பு வைத்தான்.

அவளை எல்லோரும் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டொரு கிழட்டு நாய்களை அவள் நடக்க வைத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒவ்வொரு நாய்க்கும் வாரத்தில் ஒரு கிழமை உண்டு, அது மாறாது. மழையோ வெயிலோ, பையில் ஒரு நீல நிறத் துண்டோடு வந்து நிற்பாள். எண்ணெய் கிடையாது, தைலம் கிடையாது. வளையலைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பாள். துண்டை விரிப்பாள். உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்ப்பாள். பிறகு ஒன்று செய்வாள் பாருங்கள், அதுதான் அவள் தொழிலுக்கே அஸ்திவாரம். நாயின் மேல் கையை வைப்பாள், எடுத்துவிடுவாள், காத்திருப்பாள். நாய் விலகிப் போனால் அன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். கையைத் தேடி உடம்பைச் சாய்த்தால் சரி என்று அர்த்தம். இதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'கேட்பது'. கேட்காமல் எந்த நாயையும் அவள் தொட்டதில்லை.

தடியனுக்கு வியாழக்கிழமை. மஞ்சள் நிறம், தொங்கும் காது, ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கொஞ்சம் குறைவான எடை. பந்தைத் துரத்தி ஓடும்போது வலது பின்னங்கால் முட்டியில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடம். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் மனைவி கூடத்தில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். ஒரே மகள் கல்லூரிக்குப் போகிறாள். காலையிலும் சாயங்காலமும் டிரைவர் தடியனை இரண்டு கைகளாலும் அள்ளி எடுத்துக்கொண்டு, சின்னக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்து, மூன்று மாடி இறங்குவார், பிறகு ஏறுவார். தடியன் அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் மகாராஜா மாதிரி பார்த்துக்கொண்டு வருவான்.

முதல் வியாழக்கிழமையே கைராசி வீட்டாருக்குச் சொல்லிவைத்தாள்: "வாரத்துக்கு ஒரு நாள்தான் நான் வருவேன். மத்த நாள்ல அவன் நொண்டினா, கொஞ்சம் தடவிக் கொடுங்க. இப்படி, தொடையில மேலேருந்து கீழ. அது போதும்." செய்து காட்டவும் செய்தாள். மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியான கல்லுளிமங்கன் குடும்பம், இவர்களாவது செய்வதாவது என்று அவள் அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

கோடை போய் மழைக்காலம் வந்தது. நாய் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சேர்ந்துவிட்டது, தாராளமாகப் படி ஏறலாம் என்று சொல்லிவிட்டார். தடியன் மட்டும் ஏறவில்லை. கீழ்ப்படியில் நின்று காலைத் தூக்கிக்கொள்வான். முகத்தைப் பார்த்தால் பெற்ற மனம் பதறும்.

அன்றைய வியாழக்கிழமை அவள் உள்ளே நுழையும்போதே வீடு சரியில்லை. மெஷின் ஓடவில்லை. மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தையல்காரி வந்தாள்.

"இதுதான் கடைசி தடவைக்கா. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வேன் எடுத்துட்டு வர்றாரு. அவங்களுக்குத் தனி வீடு, படி கிடையாது. அங்கேயே இருக்கட்டும்னு இவரு முடிவு பண்ணிட்டாரு."

"படி ஏற ஆரம்பிச்சுட்டா?"

"ஏறினா எதுக்கு அனுப்பணும்? ஏறலையே!" என்றார் உள்ளிருந்து வந்த டிரைவர். விறைப்பாக நின்றார், சட்டைக்குள் ஒரு கம்பு வைத்துத் தைத்த மாதிரி. "எனக்கு ஷிப்ட் மாறுதும்மா. தூக்க ஆள் கிடையாது. இதுல அழுதுக்கிட்டு நிக்க ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்று தையல்காரி கிசுகிசுத்தாள். "கல்நெஞ்சுக்கா. ஷிப்ட் இப்பதான் மாறுதா? காலங்காலமா மாறிக்கிட்டுத்தான் இருக்கு."

வேலை செய்யும் வீட்டு நாய்களிடம் பிரியம் வைக்கக் கூடாது என்பது கைராசியின் சட்டம். ஆனால் தடியன் விஷயத்தில் அந்தச் சட்டம் எப்போதோ காற்றில் பறந்துவிட்டது. துண்டை விரித்தாள். கையை வைத்து, எடுத்து, காத்திருந்தாள். தடியன் காத்திருக்கவெல்லாம் இல்லை, பொத்தென்று மொத்த உடம்பையும் அவள் மடியில் சாய்த்தான்.

கழுத்திலிருந்து வால் வரை நீவினாள். தொடையைப் பிசைந்தாள். முட்டியைச் சுற்றி விரல் நுனியால் வட்டமிட்டாள். காலைப் பிடித்து மெதுவாக முன்னே நீட்டி, பின்னே மடக்கினாள். எங்கும் ஒரு தடங்கல் இல்லை. சந்தேகம் வந்தது. "உங்க டேப்பைக் குடுங்க" என்று தையல்காரியிடம் அளவு நாடாவை வாங்கி, இரண்டு பின்னந்தொடைகளையும் அளந்தாள். இரண்டும் ஒரே அளவு. மறுபடி அளந்தாள். ஒரே அளவுதான். ஊன்றாத காலில் சதை ஏறாது, வற்றித்தான் போகும். இந்தக் காலிலோ சதை திம்மென்று ஏறியிருக்கிறது. அப்படியானால் இவன் ஏன் நொண்டுகிறான்? என் கைக்கு எட்டாத வலி எங்கேயோ ஒளிந்திருக்கிறதா? என் கைராசியெல்லாம் தீர்ந்துபோய்விட்டதா?

குனிந்து தொடையில் காதை வைக்கிற மாதிரி பார்த்தாள். அப்போதுதான் மூக்கில் பட்டது. தடியன் மேல் நாய் வாசனைதான் வரவேண்டும். அதற்குமேல் எலுமிச்சை வாசனைச் சோப்பு, பூ வாசனை அடிக்கிற கிரீம், எல்லாவற்றுக்கும் அடியில் காரமாக ஒரு வலித்தைலம். மூன்றும் அந்த வலது தொடையில்தான். என்னடா இது கூத்து என்று நினைத்தபடியே எழுந்து, தடியன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள்.

இரண்டாவது மாடியில் கையைப் பார்த்தால் வளையல் இல்லை. ஜன்னல் விளிம்பிலேயே விட்டுவிட்டாள். திரும்பி ஏறினாள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஒருவரும் இல்லை, தடியனைத் தவிர. ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்திருந்தது. தடியன் கூடத்தின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குப் பறந்தான். ஆமாம், பறந்தான்! சோபாவில் தாவி, அதன் முதுகில் முன்னங்கால்களை வைத்து, முழு எடையையும் பின்னங்கால்களில் ஊன்றி எம்பி எம்பிக் குதித்தான். புறா போய்விட்டது. திரும்பினான். வாசலில் கைராசியைப் பார்த்தான்.

ஒரு கணம் இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு தடியன் சோபாவிலிருந்து மெல்ல இறங்கி, காதைத் தொங்கவிட்டு, முகத்தை அழுமூஞ்சியாக வைத்துக்கொண்டு காலைத் தூக்கிக் காட்டினான். அவசரத்தில் இடது காலை.

"அடப் படுபாவி!" என்றாள் கைராசி.

அவள் போட்ட சத்தத்தில் மூன்று பேரும் மூன்று திசையிலிருந்து ஓடிவந்தார்கள். டிரைவர் மட்டும் ஓடவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. இவனுக்கு யாரு தடவி விடறது?"

தையல்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான்தான்கா. பாத்திரம் கழுவிட்டு வந்தா பக்கத்துல வந்து காலைத் தூக்கிக் காட்டும். பாவமா இருக்கும். நீங்கதானே சொன்னீங்க, நொண்டினா தடவிக் குடுங்கன்னு? இந்த வீட்டுல வேற யாரும் செய்யறதில்ல. நானாவது செய்வோமேன்னு..."

"என்னம்மா சொல்ற?" மகள் பாய்ந்தாள். "நான்தானே தினமும் செய்யறேன்! காலேஜ்லேருந்து வந்து கைக்குக் கிரீம் போட்டுட்டு உட்காருவேன், நொண்டிக்கிட்டே ரூமுக்கு வந்துருவான். நீங்க ரெண்டு பேரும் கண்டுக்கவே மாட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!"

கைராசி டிரைவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"தைலம் உங்களோடதுதானே?"

"நாய்க்கு யாராவது தைலம் தடவுவாங்களா?" என்று சீறினார். பிறகு குரல் இறங்கியது. "கையில கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கும். விடியற்காலைல டூட்டிக்குக் கிளம்பறப்போ வந்து நிப்பான். காலைத் தூக்கிக்கிட்டு. மனசு கேக்கல."

மனைவியும் மகளும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டுக்குள் வேற்று மனிதன் ஒருவன் நிற்கிற மாதிரி. நாயை அனுப்பியே தீருவேன் என்று நின்றவரா இவர்?

கைராசி சோபாவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, தன் மேல் கோபமும் வந்தது. "தப்பு என்னோடது. நொண்டினா தடவுங்கன்னு சொன்னேன் பாருங்க, அவன் அதைச் சரியா பிடிச்சுக்கிட்டான். நொண்டினா தடவுவாங்க. அப்போ நொண்டினா போதும்! இத்தனை மாசமா நம்ம எல்லார் காதுலயும் பூ சுத்தியிருக்கான். கால் எப்பவோ சரியாயிருச்சு." தடியன் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்து, வாலால் தரையைப் பெருக்கினான்.

அங்கேயே சட்டத்தை மாற்றினாள். இனி நொண்டினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. தூக்கக் கூடாது. படி ஏறி மேலே வந்தால், மேலே துண்டு விரித்திருக்கும், மூன்று பேரும் சேர்ந்து தடவிக் கொடுப்பார்கள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு தடவை ஏறிட்டான்னா, அனுப்ப மாட்டீங்கதானே?"

"ஏறிட்டா எதுக்கு அனுப்பப்போறேன்?" என்றார் டிரைவர். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "கையில தைலம் எதுக்கு?"

"ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்தினார்.

சட்டம் போடுவது சுலபம். அன்று சாயங்காலமே தடியன் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஊளையிட்டிருக்கிறான். முதல் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, வாயில்லா ஜீவனை இப்படியா வதைப்பது என்று முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். டிரைவருக்கு மானம் போயிற்று. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். மகள் போனில் சொல்லச் சொல்ல, கைராசி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வுநாள். போகக் கூடாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவள், கடைசியில் நீலத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கட்டட வாசலில் வேன் நின்றது. தாய்மாமன் அப்போதுதான் தடியனைக் கீழே தூக்கிவந்து இறக்கி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, நாயா யானைக்குட்டியா? மச்சானைத் தூக்கச் சொன்னா, நீங்களே தூக்குங்கன்னுட்டாரு. என்னைக்கும் இல்லாத மரியாதை!"

"அண்ணே, ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாத்துடலாம். நீங்க இங்கேயே அவன்கூட நில்லுங்க. ஆனா தூக்காதீங்க."

"தூக்கறதா? இனிமே என் பொண்டாட்டி பெட்டியைக்கூட நான் தூக்க மாட்டேன்."

மூன்றாவது மாடியில், வீட்டு வாசலுக்கு வெளியே துண்டை விரித்தாள். தையல்காரி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது. டிரைவர் வாசல்படியில், நிலையைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்தார். உட்காரவே அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"சங்கிலியைக் கழட்டிட்டேன்!" என்று கீழேயிருந்து மாமன் கத்தினார். "மேல பாக்கறான்... காலைத் தூக்கறான்!"

"எந்தக் கால்?" என்று கேட்டாள் கைராசி.

"மாத்தி மாத்தித் தூக்கறான்!"

மகள் சிரித்துவிட்டாள். பிறகு கீழேயிருந்து ஊளை வந்தது. நீளமாக, குடலைப் பிடுங்குகிற மாதிரி. ஒருவரும் அசையவில்லை. மகள் எழப் போனாள், தாய் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மறுபடி ஊளை.

"உட்கார்ந்துட்டான்மா! என்னையே பாக்கறான். எனக்கே அழுகை வருது. வேன்ல ஏத்திரட்டுமா?"

தையல்காரி முகத்தை மூடிக்கொண்டாள். கைராசிக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. சரி என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் டிரைவர், "இருங்க மச்சான், நானே வந்து தூக்கறேன்" என்று எழுந்தார். பாதி எழுந்திருப்பார். முதுகு பிடித்துக்கொண்டது.

"அம்மா!"

அந்த அலறல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. அத்தனை மாதமாக அடக்கிவைத்திருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்த மாதிரி இருந்தது. டிரைவர் நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து துண்டின் மேல் விழுந்தார். மனைவியும் மகளும் அவரைத் தாங்கிப் பிடிக்கும் முன்னால் கீழே நகங்கள் சிமெண்டில் கீறும் சத்தம் கேட்டது. தடதடவென்று ஒரு மாடி. வளைவில் வழுக்கி, சுவரில் இடித்து, மறுபடி தடதட. கடைசிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி, தடியன் வந்து நின்றான். நான்கு காலும் தரையில் இருந்தன. யாரையும் பார்க்கவில்லை, துண்டைப் பார்க்கவில்லை, தடவச் சொல்லிக் கேட்கவில்லை. நேராக டிரைவரிடம் போய், அவர் முகத்தை, காதை, நெற்றியை மாறி மாறி நக்கினான்.

"அப்பா, ஏறிட்டான்! ஏறிட்டான்ப்பா!" மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வெகுநேரம் கழித்து மாமன் வந்து சேர்ந்தார், நாயைவிட அதிகமாக மூச்சிரைத்துக்கொண்டு. "அம்பு மாதிரி போறான்! இவனுக்கா கால் சரியில்லன்னு சொன்னீங்க? எனக்குத்தான் சரியில்ல." ஒரு படியில் உட்கார்ந்துகொண்டார்.

மனைவியும் மகளும் தாங்கி உட்கார வைத்திருந்த டிரைவருக்கு எதிரே கைராசி மண்டியிட்டாள். இந்த வீட்டில் பொய் சொன்னவன் ஒருவன் அல்ல, இரண்டு பேர். வலி இல்லாத ஒருவன் நொண்டிக்கொண்டிருந்தான். வலியுள்ள ஒருவர் விறைப்பாக நடந்துகொண்டிருந்தார். அவளோ நாயின் தொடையை இரண்டு தரம் அளந்தவள், கண்ணெதிரே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த மனிதனைக் கோட்டை விட்டிருந்தாள்.

"எங்க வலிக்குது?"

"ஒண்ணுமி..." என்று ஆரம்பித்தார். தடியன் அவர் மோவாயை நக்கினான். "வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது. மாசக்கணக்கா. வெளிய சொன்னா பஸ்ஸுலேருந்து இறக்கி உட்கார வெச்சிருவாங்க. இவனை இனிமே தூக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. முடியலன்னு சொல்றதுக்குப் பதிலா, வேணாம்னு சொல்லிட்டேன்."

"இறக்கினா இறக்கட்டுமே!" தையல்காரி வெடித்தாள். "நாளைக்கே டாக்டரைப் பாக்கறோம். நான் மெஷின் மிதிக்கறேன்ல? கொஞ்ச நாள் வீட்டுல இருந்தா குடியா முழுகிரும்? நான் ஒரு மடச்சி, உங்களைக் கல்நெஞ்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாய்கூட வாயைத் திறந்து கேட்டு வாங்கிக்குது!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும், மறைக்க என்ன இருக்கிறது.

கைராசி, "இன்னிக்குப் பிசையக் கூடாது. டாக்டர் பாக்கட்டும். சும்மா கை வெச்சா போதும்" என்றாள். ஆனால் தன் கையை நீட்டவில்லை. தையல்காரியைப் பார்த்தாள். "நீங்க வைங்க. ஆனா கேட்டுட்டு வைங்க."

தையல்காரிக்குப் புரிந்தது. எத்தனையோ வியாழக்கிழமைகள் மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்தவள்தானே. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள். குனிந்து உட்கார்ந்திருந்த கணவனின் முதுகில், சட்டைக்கு மேலேயே, கையை வைத்தாள். எடுத்தாள். காத்திருந்தாள்.

தன் துண்டில் வேறு யாரோ இருக்கிறார்களே என்று தடியன் முனகி, இடித்து நெருக்கிப் பக்கத்தில் இடம் பிடித்தான். டிரைவர் திரும்பவில்லை. அவர் முதுகு மட்டும் மெல்லப் பின்னால் நகர்ந்து, மனைவியின் கையைத் தேடிப் போய்ச் சாய்ந்தது.